நேர்கோட்டுப் பாய்ச்சலும் ரப்பர்ச் சில்லும்

நின்ற நிலையிலிருந்து ஒரு மோட்டார் வண்டி சீறிப் புறப்படுவதைக் கண்டால் வாலிப உள்ளம் துள்ளுவது இயற்கை. அவிசாவளையிலிருந்து ருவான்வெல்லை வழியாகக் கேகாலை நோக்கிச் செல்லும் வீதியில் சிறிது நேரம் நின்று பார்த்தால், சிறிய கார்களிற் பலவும் தம் பருவத்துக்குப் பொருந்தாத பெரிய செருப்பை அணிந்த குழந்தைகளைப்போல, அகன்ற டயர்களும் பளபளக்கும் பெரிய சில்லுகளும் பூண்டு ஓடுவதைக் காணலாம். “இவற்றை மாட்டினால் வண்டி பறக்கும்” என்பது அவற்றின் சொந்தக்காரர்களின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை எவ்வளவுக்கு உண்மை? வண்டி விரைந்து புறப்படுவதற்கு எத்தகைய சில்லு வேண்டும், எத்தகைய டயர் வேண்டும், எஞ்சினில் என்னென்ன மாற்றங்கள் பயன்தரும்? கடைக்காரரைக் கேட்டால் ஒரு விடை. பழுதுபார்க்கும் தொழிலாளரைக் கேட்டால் வேறொரு விடை. நண்பரைக் கேட்டால் மூன்றாவது விடை. பள்ளிக்கூடத்திற் கற்கும் பௌதிகத்தையே கேட்டுப் பார்ப்போம். அது எவருக்கும் எதையும் விற்கவேண்டிய நிலையில் இல்லை.

ரப்பர் நாட்டின் கேள்வி

இக்கேள்விக்கும் எங்கள் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. குருகொட ஓயாவின் இரு மருங்கிலும் எழும் குன்றுகளில் நிற்பவை பெரும்பாலும் ரப்பர் மரங்களே. களுத்துறை மாவட்டத்தோடு கேகாலை மாவட்டமும் இலங்கையின் ரப்பர்ச் செய்கைக்கு முதன்மையான நிலமாகும். வைகறையில் எழுந்து, மரப்பட்டையின் உள்ளுயிர்ப் படலத்தைக் காயப்படுத்தாமல், மெல்லிய சீவலாகச் சாய்வாக வெட்டி, சிரட்டையிற் சொட்டும் பாலைச் சேகரித்து ஸ்டோருக்குக் கொண்டுசேர்க்கும் ஆண்களும் பெண்களும் எத்தனையோ பேர். அந்தப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அதனை அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் அழுத்தித் தகடாக்கி, புகையில் உலர்த்துவர். காலையில் மழை பெய்தால் பால் வெட்டு நின்றுபோகும். அன்றைய வருமானமும் சுருங்கும். வீதியில் உருளும் ஒவ்வொரு டயரின் பின்னாலும் இத்தகைய விடியற்காலைகள் பல இருக்கின்றன.

இம்மரம் நம் நாட்டிற்கு வந்த வரலாறும் சுவையானது. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் அமேசன் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் மாநகரை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்த நாற்றுகளிற் பெரும்பகுதி, ஏறக்குறைய 1,900, அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொட தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அப்போது மோட்டார் வண்டி உலகில் தோன்றவே இல்லை. காற்றடைத்த டயரும் பயனுக்கு வரவில்லை. 1888-இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் பொய்ட் டன்லப் என்ற மிருக வைத்தியர் தம் மைந்தனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தினார். 1895-இல் பாரிஸ் நகரிலிருந்து போர்தோ சென்று மீளும் ஓட்டப்பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழிநெடுகிலும் டயர் வெடித்தது, பரிசும் கிட்டவில்லை. ஆயினும் மோட்டார் வண்டியின் எதிர்காலம் காற்றடைத்த டயரிலேயே இருக்கிறது என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது. அந்தக் கண்டறிதலே பின்னர்க் களனிப் பள்ளத்தாக்கின் குன்றுகளை ரப்பர்க் காடாக்கியது.

உள்ளங்கை அளவு நிலம்

வண்டியை முன்தள்ளுவது எது என்று மாணவரைக் கேட்டால், “எஞ்சின்” என்பர். எஞ்சின் செய்வது சில்லைச் சுழற்றுவது மட்டுமே. சில்லு வீதியைப் பின்னோக்கித் தள்ள, வீதி வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூற்றனின் மூன்றாவது விதி இது. சேற்றிற் புதைந்த லொறியின் சில்லு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் லொறி நகராதிருப்பதை மழைக்காலத்திற் பார்த்திருக்கிறோம் அல்லவா? அங்கே எஞ்சின் வலுவில் குறைவில்லை, பிடிதான் இல்லை.

அந்தப் பிடி உண்டாகும் இடம் எவ்வளவு பெரியது? 1,000 கிலோகிராம் திணிவுள்ள கார் ஒன்றைக் கொள்வோம். ஒரு சில்லின்மீது 250 கிலோகிராம் தங்குகிறது. டயரின் காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் எனின், அந்தப் பாரத்தை அந்த அமுக்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 118 சதுர சென்ரிமீற்றர் வரும். ஒரு மனிதனின் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய இடம் அது. நான்கு உள்ளங்கைகளை நம்பியே முழுக் குடும்பமும் பயணம் செய்கிறது. புறப்படுவதும் திரும்புவதும் நிற்பதும் இந்த நான்கு உள்ளங்கைகளின் தயவினாலேயே நிகழ்கின்றன.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க. அகன்ற டயரைப் பூட்டினாலும் காற்றமுக்கம் மாறாதிருந்தால், நிலத்தைத் தொடும் பரப்பு பெரிதும் கூடிவிடுவதில்லை. நீளவாக்கில் இருந்த தடம் குறுகி, அகலவாக்கில் விரிகிறது, அவ்வளவே. ஆயினும் ரப்பருக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மரமும் இரும்பும் உராயும்போது உராய்வுக் குணகம் பாரத்தைப் பொறுத்து மாறாது என்று படிக்கிறோம். ரப்பரில் அவ்வாறன்று. அதன்மீது நெருக்கம் கூடக் கூட அதன் குணகம் சற்றுக் குறைகிறது. ஆகவே வலிமை மிக்க பந்தயக் கார்கள் அகன்ற, மென்மையான டயரைக் குறைந்த காற்றமுக்கத்தில் ஓட்டிப் பயன்பெறுகின்றன. அந்தப் பயன் நம் சிறு காருக்கும் கிட்டுமா என்பதே அடுத்த கேள்வி.

இரண்டு வேலிகள்

ஒரு வண்டியின் ஆர்முடுகலுக்கு இரண்டு வேலிகள் உண்டு. ஒன்று பிடியின் வேலி. மற்றொன்று வலுவின் வேலி. எது கிட்ட இருக்கிறதோ அதுவே வண்டியைத் தடுத்து நிறுத்தும்.

முதலிற் பிடியைக் கணக்கிடுவோம். உலர்ந்த தார் வீதியில் சாதாரண டயரின் உராய்வுக் குணகத்தை 0.8 எனக் கொள்வோம். வண்டி புறப்படும்போது பாரம் பின்னோக்கிச் சாயும். பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்போர் பின்பக்கம் சாய்வதைப்போல. முன்சில்லுகளால் இயங்கும் காரில் அந்நேரம் அச்சில்லுகள்மீது மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய 52 சதவீதமே தங்குவதாகக் கொண்டால், மிகக்கூடிய ஆர்முடுகல் வினாடிக்கு வினாடி 4.1 மீற்றர் ஆகும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை எட்டக் குறைந்தது 6.8 வினாடி வேண்டும். பின்சில்லுகளால் இயங்கும் காரில் அவற்றின்மீது 60 சதவீதம் தங்கினால் 5.9 வினாடி. நான்கு சில்லுகளும் தள்ளும் வண்டியில் முழுப்பாரமும் பயன்படுவதால் 3.5 வினாடி. நேர்கோட்டில் விரைந்து பாய்வதற்கென்று அமைத்த வண்டிகள் பின்சில்லுகளாலோ நான்கு சில்லுகளாலோ இயங்குவதன் காரணம் இதுவே.

இனி வலுவின் வேலி. 700 கிலோகிராம் திணிவும் 35 கிலோவாற்று வலுவும் கொண்ட ஒரு சிறு கார் மணிக்கு 100 கிலோமீற்றரை எட்டும்போது அதன் இயக்கசக்தி 270 கிலோயூல். எஞ்சின் தன் முழு வலுவையும் ஒரு கணமும் குறையாமல், ஒரு துளியும் வீணாகாமல் கொடுத்தாலும் 7.7 வினாடி வேண்டும். ஆனால் எஞ்சின் தன் உச்ச வலுவைக் குறிப்பிட்ட ஒரு சுழற்சி வேகத்திலேயே தருகிறது, கியர் மாற்ற நேரம் போகிறது, காற்றும் எதிர்க்கிறது. ஆகவே உண்மையில் ஆகும் நேரம் அதனின் இருமடங்கை அண்மிக்கும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் சிறு காரைப் பிடியின் வேலி 6.8 வினாடியில் தடுக்கக் காத்திருக்கிறது. ஆனால் கார் அந்த வேலியை அணுகுவதே இல்லை. அதற்கு வெகுதூரம் முன்னரே வலுவின் வேலியில் முட்டிக்கொள்கிறது. முதல் கியரில் கிளம்பும் ஓரிரு கணங்களைத் தவிர அந்தக் காருக்குக் கூடுதற் பிடியால் வேகத்தில் ஓர் இலாபமும் இல்லை. அகன்ற டயர் அதற்குச் சுமையே. 300 குதிரைவலு கொண்ட காருக்கோ நிலைமை நேர்மாறு. அதன் வலு, பிடியை மீறித் திமிறுகிறது. சில்லு வழுக்கிப் புகைகிறது. அத்தகைய காருக்கு நல்ல டயரே முதல் மருந்து.

சில்லின் பருமனும் பாரமும்

சில்லைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு செய்திகளை மனத்திற் பதித்துக்கொண்டாற் போதும்: பாரம், விட்டம்.

திருவிழாவில் தேர் வடம் பிடித்தவர்களுக்கு முதல் நகர்வின் அருமை தெரியும். நிற்கும் பொருள் நகர மறுப்பதைச் சடத்துவம் என்கிறோம். சில்லோ வண்டியுடன் முன்னே செல்வதோடு தானும் சுழலவேண்டும். ஆகவே அதற்கு இருமுறை சக்தி கொடுக்கவேண்டும். சில்லின் விளிம்பிலும் டயரிலும் உள்ள ஒரு கிலோகிராம், வண்டியின் உடலில் உள்ள ஏறக்குறைய இரண்டு கிலோகிராமுக்குச் சமம். பழைய சில்லைவிட ஒவ்வொன்றும் 4 கிலோகிராம் கூடிய பெரிய சில்லுகளையும் டயர்களையும் நான்கு மூலைகளிலும் பூட்டினால், புறப்படும் நேரத்தில் ஏறக்குறைய 30 கிலோகிராம் ஏற்றியதற்குச் சமமாகும். பத்து வயதுச் சிறுவன் ஒருவனை எந்நேரமும் கூடுதலாக ஏற்றிச் செல்வதுபோல அது. அலுமினியக் கலவைச் சில்லு என்றாலே இலேசானது என்று எண்ணுவதும் தவறு. வார்ப்பில் செய்த மலிவான பெரிய சில்லுகள், வண்டியுடன் வந்த சிறிய இரும்புச் சில்லுகளைவிடப் பாரமாக இருப்பதுண்டு. வாங்குமுன் தராசில் நிறுத்துப் பார்ப்பதே வழி.

விட்டத்தின் விளையாட்டு இன்னும் நுட்பமானது. டயரின் பக்கத்தில் 155/65 ஆர் 13 என்று எழுதியிருந்தால், 155 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது அந்த அகலத்தின் நூற்றுவீதமாகச் சொல்லப்படும் பக்கச்சுவரின் உயரம். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 13 என்பது சில்லின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டால் முழு விட்டம் ஏறக்குறைய 532 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 165/65 ஆர் 14 பூட்டினால் விட்டம் 570 மில்லிமீற்றர் ஆகிவிடும். ஏழு சதவீதம் கூடுகிறது. எஞ்சினின் முறுக்குவிசை அதேயாயிருக்க, நெம்புகோலின் நீளம் கூடியமையால் வீதியைத் தள்ளும் விசை எல்லாக் கியர்களிலும் ஏறக்குறைய ஏழு சதவீதம் குறைகிறது. பணம் கொடுத்து வண்டியின் பாய்ச்சலைக் குறைத்துக்கொண்டோம்! வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். அது 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64-இற் சென்றுகொண்டிருக்கும்.

14 அங்குலச் சில்லின் அழகுதான் வேண்டும் என்போர் 165/55 ஆர் 14 போன்ற அளவைத் தேடவேண்டும். அதன் முழு விட்டம் 537 மில்லிமீற்றர். பழைய அளவிலிருந்து வேறுபாடு ஒரு சதவீதமே. பெரிய சில்லுக்கு உயரம் குறைந்த பக்கச்சுவர் என்பதே விதி. ஆனால் உயரம் குறைந்த டயர் குழிகளின் அடியை நேரே சில்லுக்கு அனுப்பும். தோட்டப் பாதைகளிற் செல்லும் வண்டிக்கு அது உகந்ததன்று.

கால் மைல் தூரத்தில் ஒரு கலை

நேர்கோட்டுப் பாய்ச்சலையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் அமெரிக்க நாட்டினர். 1950-இல் கலிபோர்னியாவின் சாந்தா ஆனா விமானத் தளத்தில் இதற்கெனத் தனிப்பாதை அமைந்தது. வீதிகளில் வாலிபர் பந்தயமோடி உயிர்விடுவதைத் தடுக்கவேண்டுமென்ற நோக்கத்தோடு, 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் இப்பந்தயங்களை ஒழுங்குசெய்யும் தேசியச் சங்கத்தை நிறுவினார். இரண்டு வண்டிகள் பக்கத்திற் பக்கமாக நிற்கும். விளக்கு மாறியதும் கால் மைல், அதாவது 402 மீற்றர், ஓடவேண்டும். யார் முந்துகிறாரோ அவருக்கே வெற்றி.

இதன் உச்ச வகுப்பு வண்டிகளின் பின்டயர்களைப் பாருங்கள். வரிப்பள்ளம் ஒன்றுமில்லாத மொட்டை டயர். விட்டம் 36 அங்குலம். அகலம் ஒன்றரை அடிக்கு அண்மை. காற்றமுக்கம் மிகக் குறைவு. பக்கச்சுவர் துணிபோல் மெல்லியது. வண்டி கிளம்பும் கணத்தில் அந்தச் சுவர் சுருங்கி மடிந்து, டயர் தட்டையாகி வீதியைக் கவ்வுகிறது. உயரம் குறைந்தமையால் அப்போது அது சிறு சில்லின் வேலையைச் செய்கிறது. வேகம் கூடியதும் மையநீக்க விசையால் டயர் விரிந்து உயர்ந்து, பெரிய சில்லாகிவிடுகிறது. கியர்ப்பெட்டி செய்யவேண்டிய வேலையை ரப்பரே செய்துகொடுக்கிறது! புறப்படுமுன் சில்லை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகைய விடுவதும் வெறும் வேடிக்கையன்று. அழுக்கு நீங்கி ரப்பர் சூடேறினால் பிடி கூடும். ஆனால் அத்தகைய டயர் ஒரு சில ஓட்டங்களிலேயே தேய்ந்துபோகும்.

1992-இல் கென்னி பேர்ன்ஸ்ரைன் என்பவர் கால் மைல் தூரத்துக்குள் மணிக்கு 300 மைல் வேகத்தைக் கடந்தார். இத்துறையில் ஒரு பெண்மணியின் பெயரும் பொன்னெழுத்துக்களிற் பொறிக்கத்தக்கது. ஷேர்லி முல்டவுனி என்பார் ஆண்களே ஆண்ட உச்ச வகுப்பில் 1977, 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடினார். 1984-இல் கனடாவில் நடந்த ஒரு பந்தயத்தில் அவர் வண்டியின் முன்டயர் கெட்டமையால் நேர்ந்த விபத்தில் அவருடைய கால்கள் கடுமையாக நொறுங்கின. பல அறுவைச் சிகிச்சைகளின் பின் 1986-இல் மீண்டும் பந்தயத்துக்குத் திரும்பினார். 2008-இல் ஸ்கொட் கலிற்றா என்ற வீரர் பாதையின் முடிவில் வண்டியை நிறுத்த இயலாமல் உயிரிழந்தார். அதன்பின் உச்ச வகுப்புக்கு ஓடும் தூரம் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. தீயணைப்புப் படையும் வைத்தியரும் வேகத்தடுப்புக் குடையும் காத்துநிற்கும் பாதையிலேயே இத்தகைய இழப்புகள் நேர்கின்றன என்றால், மாடும் மனிதரும் குறுக்கிடும் பொது வீதியில் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நம்மவர்க்கும் இவ்விளையாட்டு புதிதன்று. நுவரெலியாவில் தேயிலை மலைச்சரிவில் நடைபெறும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934-இல் தொடங்கிய பழம்பெருமை உடையது. போர்க்காலத்தில் அமைந்த கட்டுகுருந்தை விமானத் தளத்திலும் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்துள்ளன. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் விமான ஓடுபாதையும் அவ்வாறே. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தினர், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப்பாதை அமையும்வரை சோழவரத்திற் பந்தயம் நடத்தினர். பியற் போன்ற சாதாரணக் குடும்பக் கார்களைத் தம் கைத்திறனால் திருத்தி அங்கே ஓட்டியோர் பலர். சென்னையில் 1946-இல் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் தொழிற்சாலை, பின்னர் எம்.ஆர்.எப். என்ற பெயரில் பந்தய டயர் வரை செய்யும் நிறுவனமாக வளர்ந்ததும் அதே நகரிலேதான்.

எந்த ரப்பர்?

“எங்கள் தோட்டத்து ரப்பராலான டயர்தானே மிக நன்றாகப் பிடிக்கும்?” என்று ஊர்ப்பற்றோடு கேட்கத் தோன்றும். விடை சற்றுச் சுற்றிவளைத்தது.

இயற்கை ரப்பராற் செய்த பந்தை நிலத்தில் எறிந்தால் உயரத் துள்ளும். கொடுத்த சக்தியிற் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது அதன் இயல்பு. சில செயற்கை ரப்பர்களாற் செய்த பந்து ‘தொப்’ என்று விழுந்து கிடக்கும். சக்தியைத் தன்னுள்ளே சூடாக்கிக்கொள்வது அதன் இயல்பு. வீதியின் சிறு கற்களின்மீது டயர் அழுந்தி விலகும்போது, சக்தியை விழுங்கும் ரப்பரே வீதியை விடாமற் பற்றுகிறது. ஆகவே பந்தய டயரின் மேற்பூச்சில் செயற்கை ரப்பருக்கே முதலிடம்.

அப்படியானால் களனிப் பள்ளத்தாக்கின் ரப்பர் எங்கே சிறக்கிறது? கிழியாத உறுதியிலும், ஓயாது வளைந்தும் சூடேறாத பொறுமையிலும் அதற்கு நிகரில்லை. ஆகையால் பாரம் சுமக்கும் லொறியின் டயரிலும், தரையிறங்கும் விமானத்தின் டயரிலும் இயற்கை ரப்பரே பெரும்பங்கு வகிக்கிறது. சாதாரண கார் டயரிலும் அதன் உடற்பகுதியில் அது இடம்பெறுகிறது. துறைமுகங்களிலும் களஞ்சியங்களிலும் பாரந்தூக்கிகள் பயன்படுத்தும் திண்ம டயர்களை உலகுக்குச் செய்து அனுப்பும் முன்னணி நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ஓட்டத்துக்கு ஒரு பிள்ளை, சுமைக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தைத் தாங்குபவன் பெரும்பாலும் இரண்டாமவனே.

மாற்றங்களின் வரிசை

வண்டியின் பாய்ச்சலைக் கூட்ட விரும்புவோர் எந்த வரிசையிற் செல்லவேண்டும்?

முதலாவது, இழந்ததை மீட்பது. அடைபட்ட காற்று வடிகட்டி, தேய்ந்த கிளச்சு, பழைய தீப்பொறிச் செருகி, இறுகிய பிறேக்கு, காற்றுக் குறைந்த டயர் ஆகிய இவை ஒவ்வொன்றும் வண்டியின் பாய்ச்சலைத் திருடுகின்றன. இவற்றைச் சீர்செய்வதே மலிவான திருத்தம்.

இரண்டாவது, பாரத்தைக் குறைப்பது. பின்பெட்டியில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் தேவையற்ற பொருள்களை இறக்கினால் செலவில்லை. 700 கிலோகிராம் வண்டியில் 35 கிலோகிராம் குறைந்தால், வலுவை ஐந்து சதவீதம் கூட்டியதற்குச் சமம். ஆனால் மாற்றுச் சில்லையும் ஆசனப்பட்டியையும் கழற்றிப் பாரம் குறைப்பது அறிவுடைமையாகாது.

மூன்றாவது, இலேசான சில்லும் உரிய அளவான நல்ல டயரும். நான்காவது, வலு மிக்க வண்டியாயின், ஒரு சில்லு வழுக்கும்போது மற்றச் சில்லுக்கும் விசையைப் பகிரும் தனிவகை டிபரென்சியல். ஐந்தாவதாகவே எஞ்சின். மிகைக்காற்றூட்டும் டேர்போ, எரிபொருளின் அளவை ஆளும் மின்னணு மூளையைத் திருத்துதல், புகைபோக்கியை அகலப்படுத்துதல் என்று அது விரியும். எஞ்சின் வலுவை உயர்த்தினால் கிளச்சும் கியர்ப்பெட்டியும் எல்லாவற்றுக்கும் மேலாகப் பிறேக்கும் அதற்கேற்ப உயரவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மறந்தவர்கள் இரட்டிப்புச் செலவு செய்திருக்கின்றனர். பதறாத காரியம் சிதறாது. இத்தகைய மாற்றங்களுக்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளையும் காப்புறுதி நிறுவனத்தின் நிபந்தனைகளையும் கேட்டறிவது அவசியம். அறிவிக்காத மாற்றம், விபத்தின்போது இழப்பீட்டுக்குத் தடையாகலாம்.

வலுவைக் கூட்டுவதினும் அறிவைக் கூட்டுவது எத்துணை மேல் என்பதற்கு ஒரு சான்று. 2023-இல் சுவிற்சர்லாந்தின் சூரிச், லுசேர்ண் நகரங்களின் உயர்கல்வி நிலையங்களைச் சேர்ந்த மாணவர்கள் தாமே அமைத்த ‘மித்தன்’ என்ற மின்சாரக் கார், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை 0.956 வினாடியில் எட்டியது. அதற்குத் தேவைப்பட்ட தூரம் 12.3 மீற்றர், ஒரு பேருந்தின் நீளத்தைவிடச் சற்றே கூடியது. வண்டியின் திணிவு ஏறக்குறைய 140 கிலோகிராமே. நான்கு சில்லுகளுக்கும் தனித்தனி மின்மோட்டார். சராசரி ஆர்முடுகல் புவியீர்ப்பின் மூன்று மடங்கு! சாதாரண உராய்வு இதற்குப் போதாது. ஆகவே அவர்கள் வண்டியின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றினர். மேலிருக்கும் வளிமண்டலம் வண்டியை வீதியோடு சேர்த்து அழுத்தியது. பாரம் கூடாமலே பிடி கூடியது. பிடியின் வேலியையே நகர்த்திவைத்த அந்த மாணவர்கள் கையாண்டவை, நம் உயர்தர வகுப்பின் பௌதிகப் பாடப்புத்தகத்திலுள்ள அதே விதிகள்தாம்.

மழையும் நம் வீதியும்

எங்கள் பகுதி ஈரவலயம். ஆண்டு மழை 2,500 மில்லிமீற்றருக்கு மேல். இங்கே டயர் வாங்குவோர் பாய்ச்சலைப் பற்றி ஒருமுறை எண்ணினால் நிறுத்தத்தைப் பற்றிப் பத்துமுறை எண்ணவேண்டும். பந்தயப் பாதையின் மொட்டை டயர் நனைந்த வீதியில் நீரை ஒதுக்க வழியின்றி மிதந்து போகும். வரிப்பள்ளங்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல. நீர் ஓடும் வாய்க்கால்கள் அவை. அகன்ற டயருக்கு ஒதுக்கவேண்டிய நீரும் அதிகம்.

மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்லும் வண்டி, உராய்வுக் குணகம் 0.8 ஆயுள்ள உலர்ந்த வீதியில் பிறேக்கு அழுத்திய பின் 18 மீற்றரில் நிற்கும். மழையில் தேய்ந்த டயரோடு குணகம் 0.4 ஆகக் குறைந்தால் 35 மீற்றர் ஓடும். ஆபத்தைக் கண்டு காலை எடுத்துப் பிறேக்கில் வைக்கும் ஒரு வினாடியில் இன்னுமொரு 17 மீற்றர் கழிந்துவிடும். அந்த வேறுபாட்டுக்குள் ஒரு பாடசாலை வாயிலின் மஞ்சட் கடவை அடங்கிவிடும்.

ஆகவே டயர் வாங்கும்போது நான்கு செய்திகளைப் பாருங்கள். வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்கும் பாரக் குறியீட்டுக்கும் பொருந்துகிறதா? பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் அச்சிட்ட நான்கு இலக்கங்கள் யாவை? 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்திற் செய்தது என்பது பொருள். வெட்டுப் புதிதாகத் தோன்றினாலும் பழைய ரப்பர் இறுகிப் பிடியை இழந்திருக்கும். பாவித்த டயரை மலிவென்று வாங்குவோர் இதனை மறவாதிருக்க. வரிப்பள்ளத்தின் ஆழம் எவ்வளவு? 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்த டயரை ஓட்டலாகாது என்று பல நாட்டுச் சட்டங்கள் கூறும்; மழை மிகுந்த இடத்தில் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது நன்று. நான்காவது காற்றமுக்கம். பந்தயக்காரரைப் பார்த்துக் காற்றைக் குறைத்து ஓட்டினால், நெடுந்தூரத்தில் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். மாதம் ஒருமுறையேனும் டயர் ஆறியிருக்கும்போது அளப்பது பழக்கமாகவேண்டும்.

பிள்ளைகளின் ஆவலைத் தடியெடுத்து அடக்குவதால் பயனில்லை. பாய்ச்சலில் ஆசைகொண்ட மாணவனிடம் ஓர் அளவுநாடாவையும் தராசையும் கொடுத்து, வீட்டு வண்டியின் சில்லை அளந்து நிறுத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். பெரிய சில்லு வண்டியை மந்தமாக்கும் என்பதை அவனே கண்டுபிடிப்பான். ஓட்டியே தீரவேண்டும் என்ற உந்துதல் உள்ளவனுக்கு, வயதும் அனுமதிப்பத்திரமும் வந்தபின், தலைக்கவசமும் மேற்பார்வையும் உள்ள பந்தயப் பாதைகள் இருக்கின்றன. அதுவரை அவன் குன்றின்மேலேறி, பால் வெட்டுக்காரர் ஒருவர் பட்டையின் ஆழத்தை விரலுணர்ச்சியால் அறிந்து, ஒரு மில்லிமீற்றர் கூடாமலும் குறையாமலும் கத்தியை இழுப்பதைப் பார்த்துவரட்டும். அளவறிந்து செய்யும் வேலை எத்தகையது என்பதை அங்கே கற்றுக்கொள்வான்.